இன்டி ஆல்பம் கேட்பவர்களுக்கு: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கரூர் என்று எந்தப் பக்கம் பாட்டுப் பேச்சு எடுத்தாலும், 2024, 2025-ல் வந்த இன்டி ஆல்பங்களைப் பற்றி இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் வாக்கிலேயே வைத்திருக்கிறோம். பதில்களில் இருக்கும் ரசனை எங்களுடையது. ஒத்துப்போகாத இடத்தில் தாராளமாக மறுத்துக்கொள்ளுங்கள்.

இன்டி இன்டிங்கறாங்களே, அப்படின்னா என்னங்க? சினிமாப் பாட்டு அல்லாததெல்லாம் இன்டியா?

இல்லைங்க. எந்தப் பாட்டு, எவ்வளவு நீளம், எப்போது வெளியீடு, மாஸ்டர் பதிவு யாருக்குச் சொந்தம் என்ற நான்கையும் யார் முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். கலைஞரோ, யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களுக்கு வெளியே உள்ள சிறு லேபிளோ (பாட்டு வெளியிடும் நிறுவனமோ) முடிவு செய்தால் அது இன்டி. கிட்டார் வைத்து மெதுவாகப் பாடினால் இன்டி என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்ட அர்த்தம்.

தமிழில் குழப்பம் வரக் காரணம் உண்டு. சினிமா ஆடியோ விற்கும் நிறுவனங்களே தனிப்பாட்டுகளையும் இன்டி என்ற பெயரில் விடுகின்றன. 2024 ஜனவரியில் வந்த சாய் அபயங்கரின் 'கட்சி சேர' அப்படிப் பரவியது. நல்ல பாட்டுதான். ஆனால் அது ஒற்றைப் பாட்டு. இந்தப் பக்கத்தில் பேசுவது முழு ஆல்பங்களை.

எத்தனை பாட்டு இருந்தா ஆல்பம், எத்தனை இருந்தா ஈபி?

ஸ்ட்ரீமிங் கணக்கில் ஏழு பாட்டோ அதற்கு மேலோ, அல்லது மொத்தம் 30 நிமிடத்துக்கு மேலோ போனால் ஆல்பம். நான்கு முதல் ஆறு பாட்டு, 30 நிமிடத்துக்குள் இருந்தால் ஈபி, அதாவது குறு ஆல்பம்.

புடிச்ச ஒரு பாட்டைக் கேட்டாப் போதாதுங்களா? எதுக்கு முழுசா, அதுவும் வரிசையா கேக்கோணும்?

வரிசையும் இசையமைப்பில் சேர்த்திதான். அமெரிக்காவின் வட கரோலினாக்காரர் எம்.ஜே. லெண்டர்மேன் 2024 செப்டம்பரில் விட்ட 'மேனிங் ஃபயர்வொர்க்ஸ்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பாட்டு, சுமார் 39 நிமிடம். கடைசிப் பாட்டு மட்டும் பத்து நிமிடம் ஓடும். அதில் பெரும்பகுதி வார்த்தையே இல்லாத கிட்டார் ரீங்காரம். தனியாகப் போட்டால் போன் பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். எட்டுப் பாட்டில் தோற்றுப்போன ஆண்களின் கதைகளைக் கேட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தால், அந்த ரீங்காரம் நெஞ்சில் இறங்குகிறது. உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி இதைப் போட்டால், கிணத்துக்கடவு தாண்டிய பிறகுதான் முடியும்.

போனில் முதலில் நான்கைச் சரிசெய்யுங்கள். ஷஃபிளை அணையுங்கள். கிராஸ்ஃபேடைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பாட்டின் வாலும் அடுத்த பாட்டின் தலையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். ஒலி அளவைச் சமன்செய்யும் அமைப்பை 'நார்மல்' என்பதில் விடுங்கள். ஸ்பாட்டிஃபை ஆல்பத்தை வரிசையாக ஓட்டும்போது எல்லாப் பாட்டையும் சேர்த்தே ஒரு அளவுக்குக் கொண்டுவருவதால், மெல்லிய பாட்டு மெல்லியதாகவே நிற்கும். 'லவுட்' என்று வைத்தால், உச்சச் சத்தத்தை அடக்கும் லிமிட்டர் வேலை செய்து டிரம் அடியின் முனையை மழுக்கிவிடும். ஆல்பம் முடிந்ததும் ஆப் தானாக வேறு பாட்டை ஓட்டும் ஆட்டோபிளேயையும் நிறுத்திவிடுங்கள். கடைசிப் பாட்டுக்குப் பின் வரும் அமைதி கேட்பவருக்கு வேண்டும்.

சரிங்க, தமிழ்ல எதுல ஆரம்பிக்கறது?

கொஞ்சம் பழசாக இருந்தாலும் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019-ல் விட்ட 'தெருக்குரல்' ஆல்பத்தில் ஆரம்பியுங்கள். பீட் எங்கேயும் குரலை மூடுவதில்லை, ஒரு சொல்கூட வீணாகவில்லை. பிறகு அறிவு 2024-ல் விட்ட 'வள்ளியம்மா பேராண்டி'க்கு வாருங்கள். வள்ளியம்மா அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து திரும்பியவர். எங்கள் கணிப்பில் முந்தைய ஆல்பத்தின் இறுக்கம் இதில் இல்லை. ஆனால் கோபத்தோடு குடும்ப நினைவும் சேர்வதால் இதற்கு வேறொரு கனம் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் கேட்டால் ஒரு பாடகர் வளர்ந்த வழி தெரியும்.

மூன்றாவதாக, தமிழ்நாட்டில் வளர்ந்து அமெரிக்காவில் இருக்கும் கணவ்யா 2025-ல் விட்ட 'நிலம்'. ஹார்ப், டபுள் பேஸ், ஒரு குரல். பல இடங்களில் அவ்வளவுதான். கச்சேரிப் பயிற்சி பெற்ற குரல், ஆனால் கச்சேரி வடிவம் கிடையாது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் அவர் விடும் இடைவெளிக்காகவே இந்த ஆல்பத்தைத் திரும்பப் போடலாம். 2024 நவம்பரில் வந்த அவருடைய 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஆல்பத்துக்குத்தான் வெளிநாட்டில் பெரிய பேர். 30-க்கும் மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்த பெரிய கூட்டிசை அது. அதிலிருந்து தொடங்கினால் கூட்டத்தில் குரலைத் தேட வேண்டிவரும். 'நிலம்' கேட்டுவிட்டு அங்கே போங்கள்.

சத்தமான சங்கதி வேண்டும் என்றால் பெங்களூர் 'அகம்' குழு 2025-ல் விட்ட மூன்றாவது ஆல்பம் 'அரைவல் ஆஃப் தி எதீரியல்'. ராகமும் ராக் கிட்டாரும் நெருக்கமாக அடுக்கிய ஒலி. ஹெட்செட்டில் அரை மணிக்குள் காது களைத்துவிடும். வீட்டு ஸ்பீக்கரில் நான்கடி தள்ளி உட்கார்ந்து கேளுங்கள்.

நம்ம கோயமுத்தூர்ல இருந்து யாருமே வரலீங்களா?

வந்தார்கள். ஹிப்ஹாப் தமிழா ஆதி கோவைக்காரர்தான். சினிமாவுக்குப் போகும் முன் அவரும் ஜீவாவும் 2012-ல் விட்ட 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம்தான் நம் கல்லூரி விடுதிகளில் போனுக்குப் போன் புளூடூத்தில் ஏறியது. இன்று கேட்டால் பதிவின் தரம் மெலிவாகத் தெரியும். ஆனால் சினிமா இல்லாமல் தமிழில் ஒரு ஆல்பத்தை ஜனங்களிடம் கொண்டுபோக முடியும் என்று காட்டியதில் அதற்குப் பங்கு உண்டு. அதற்கும் முன்பே, 2006-ல், மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா 'வல்லவன்' ஆல்பத்தில் பாதை போட்டுவிட்டார்கள்.

இங்கிலீசு வரி புரியறதில்லீங்க. புரியாம கேட்டு என்ன பிரயோஜனம்?

முதல் தடவை புரிய வேண்டியதில்லை. தியாகராஜர் கீர்த்தனையைத் தெலுங்கு தெரிந்தா நம் ஊர் சபாக்களில் எல்லாரும் கேட்கிறார்கள்? முதல் சுற்றில் குரல் எங்கே தழுதழுக்கிறது, எங்கே தள்ளி நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாவது சுற்றில் வரிகளைக் கண்ணால் படித்தபடி கேளுங்கள். வரியை முதலிலேயே படித்துவிட்டால் காது சோம்பேறியாகிவிடும்.

பழகுவதற்கு ஏற்றது அமெரிக்கப் பாடகி ஏட்ரியன் லெங்கர் 2024 மார்ச்சில் விட்ட 'பிரைட் ஃபியூச்சர்'. காட்டுக்குள் இருந்த ஒரு ஸ்டூடியோவில், கம்ப்யூட்டர் இல்லாமல் முழுக்க டேப்பிலேயே பதிந்தது. டேப்பின் மெல்லிய இரைச்சல், நாற்காலி அசையும் சத்தம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. முதல் பாட்டு பெரும்பாலும் பியானோவும் குரலும்தான். அம்மாவிடம் பேசுவது போன்ற எளிய சொற்கள். பள்ளிக்கூட இங்கிலீசே போதும். எங்களைக் கேட்டால் 2024-ன் ஆகச் சிறந்த ஆல்பம் இதுதான்.

எல்லாரும் கொண்டாடுற கீஸ் ஆல்பத்தைக் கேட்டேனுங்க. ஒரே கத்தலா இருக்குது. அதுல என்னதான் இருக்குது?

புரூக்ளின் குழுவான கீஸ் 2025 செப்டம்பரில் விட்ட 'கெட்டிங் கில்டு' ஆல்பத்தைச் சொல்கிறீர்கள். முதல் பாட்டிலேயே தொண்டை கிழியக் கத்துகிறார் கேமரூன் விண்டர். அங்கேயே நிறுத்தியவர்கள் நிறையப் பேர். அவர்கள் எல்லாரும் குரலைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். டிரம்மைப் பிடித்துக்கொண்டு போங்கள். மேக்ஸ் பாசினின் அடிதான் இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு. குரல் அதன் மேல் தள்ளாடி நடக்கிறது.

'டாக்சஸ்' என்ற பாட்டில் இருந்து ஆரம்பித்துப் பாருங்கள். மூன்றாவது பதிலில் சொன்ன வரிசை விதியை இந்த ஒரு தடவை மீறலாம். முதல் பாதியில் தாளமும் குரலும் மட்டும். நடுவில் கிட்டார்கள் மதகு திறந்ததுபோல் வரும். அந்த இடம் பிடித்துவிட்டால் முதல் பாட்டுக்குத் திரும்புங்கள். பிடிக்கவில்லை என்றால் இந்த ஆல்பம் உங்களுக்கானதில்லை, விட்டுவிடலாம்.

விமர்சனத்துல தூக்கி வெச்சுப் பேசறாங்க, எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. தப்பு எம்பேர்லயா?

யார் பேரிலும் இல்லை. மூன்று தடவை கேட்டு முடிவு செய்யுங்கள். முதல் தடவை, வேறு வேலை எதுவும் இல்லாமல் முழுசாக. இரண்டாவது, மூன்று நாள் கழித்து, வரிகளோடு. மூன்றாவது, ஒரு வாரம் கழித்து, நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ. ஒரே நாளில் மூன்று தடவை ஓட்டினால் பழக்கத்தால் பிடித்துப்போகும். அந்தக் கணக்கு செல்லாது. இடையில் அதிலிருந்து ஒரு மெட்டாவது தானாக வாயில் வந்ததா என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு, பிளாக் கன்ட்ரி, நியூ ரோடு என்ற இங்கிலாந்துக் குழு. பாடகர் ஐசக் வுட் 2022 ஜனவரியில் விலகினார். 2025 ஏப்ரலில் வந்த 'ஃபாரெவர் ஹௌலாங்' ஆல்பத்தில் டைலர் ஹைட், ஜார்ஜியா எல்லரி, மே கெர்ஷா என்ற மூன்று பெண்கள் பாட்டைப் பங்குபோட்டுப் பாடுகிறார்கள். வுட் பாடிய பழைய ஆல்பத்தை மனசில் வைத்துக் கேட்டால் முதல் தடவை ஏமாற்றம்தான் வரும். மூன்றாவது தடவையில் குரல்கள் பின்னிக்கொள்ளும் இடங்கள் துலங்குகின்றன. இருந்தும் நடுப்பகுதி தளர்கிறது என்பதே எங்கள் முடிவு.

டெஃப் ஜாம் விட்ட சித் ஸ்ரீராம் ஆல்பத்தையும் இன்டின்னு சொல்றாங்களே, சரிங்களா?

முதல் பதிலில் உள்ள அளவுகோலை வையுங்கள். 2023 ஆகஸ்டில் வந்த 'சித்தார்த்' ஆல்பத்தை வெளியிட்ட டெஃப் ஜாம், யுனிவர்சலைச் சேர்ந்தது. ஆக லேபிள் கணக்கில் இன்டி இல்லை. அதே ஆண்டு சுவிட்சர்லாந்துத் தமிழ்ப் பெண் பிரியா ராகு, உடன்பிறந்த ஜாஃப்னா கோல்டோடு சேர்ந்து ஆக்கிய 'சந்தோசம்' ஆல்பமும் வார்னர் வழியாக வந்ததுதான்.

ஆனால் இரண்டையும் கேளுங்கள். 'சித்தார்த்' ஆல்பத்தில் இங்கிலீசுப் பாட்டுக்குள் கமகம் நுழையும் இடங்களில், சினிமாவில் இவருக்குக் கிடைக்காத சுதந்திரம் தெரிகிறது. லேபிள் பெயரைப் பார்த்து ஆல்பத்தை ஒதுக்குவது அநியாயம்.

எந்த ஹெட்செட் வாங்கறது? புளூடூத்தா, வயரா?

ஒரே விலையில் இரண்டு இருந்தால் வயர் உள்ளது ஒலியில் முந்தும். புளூடூத்தில் காசின் ஒரு பங்கு பேட்டரிக்கும் சிப்புக்கும் போய்விடுகிறது. வாங்கிய பின் பெரும்பாலோர் செய்யும் தவறு ரப்பர் முனையைச் சரியாகப் போடாதது. காதை அடைக்காவிட்டால் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி ஒழுகிவிடும். மட்டமான செட் என்று அதன் மேல் பழி விழும். பெட்டியில் வரும் மூன்று அளவையும் மாட்டிப் பாருங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவது சகஜம்.

பஸ்ஸில் எஞ்சின் சத்தம் தாழ்ந்த சுருதிகளைத் தின்றுவிடும். அங்கே 'கெட்டிங் கில்டு' தாங்கும். 'நிலம்' தாங்காது, பாதி காணாமல் போகும். அதை ராத்திரி ஊர் அடங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தறிக்குடோன்ல வேலை செய்யறேனுங்க. இயர்போன் போட்டுட்டே ஓட்டலாமுங்களா?

வேண்டாங்க. விசைத்தறிக் குடோனில் சத்தம் 90 டெசிபலுக்கு மேல் போகும். அதை மீறிப் பாட்டு கேட்க வேண்டும் என்றால் இயர்போனை அதைவிட உயர்த்த வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். முதலில் போவது மேல் சுருதிகளைக் கேட்கும் திறன். போனது திரும்பாது.

வேலையில் காதடைப்பான் போடுங்கள். ஷிப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரமாவது காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பாட்டுக்கு வாருங்கள். குறைந்த சத்தத்திலேயே நுணுக்கம் கேட்கும்.

ரெண்டு மணி நேர ஆல்பமெல்லாம் எவனுங்க உக்காந்து கேப்பான்?

'டயமண்ட் ஜூபிலி' பற்றித்தான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. கனடாவின் பாட்ரிக் ஃபிளெகல், சிண்டி லீ என்ற பெயரில் 2024 மார்ச்சில் விட்டது. 32 பாட்டு, இரண்டு மணி நேரம். வந்தபோது ஸ்பாட்டிஃபையில் இல்லை. பழைய காலத்து வலைத்தளம் ஒன்றில் டவுன்லோடாகவும், யூடியூபில் ஒரே நீளக் கோப்பாகவும் மட்டுமே கிடைத்தது. பாட்டு பாட்டாகப் பிய்த்து எடுப்பது எளிதாக இல்லாததால் ஜனங்கள் பலர் முழுசாகக் கேட்டார்கள். தூரத்து வீட்டு ரேடியோவில் இருந்து வருவதுபோல் மங்கிய கிட்டாரும் குரலும். காந்திபுரத்தில் ஈரோட்டுப் பஸ் ஏறினால் இறங்கும்போது சரியாக முடியும். முதல் தடவைக்கு இரண்டாகப் பிரித்துக் கேட்பதில் தவறில்லை. 16-ஆம் பாட்டில் நிறுத்துங்கள்.

நீளம் நமக்குப் புதுசும் இல்லை. உடுக்கைப் பாட்டில் அண்ணன்மார் சாமி கதை இரவு இரவாக நடக்கும். 1965-ல் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் அந்தக் கதையை டேப்பில் பதிந்தார். குன்னுடையான் காலத்தில் தொடங்கிப் பொன்னர் சங்கர் வரைக்கும் பொறுமையாக உட்கார்ந்த ஊர் இது. இரண்டு மணி நேரத்துக்கு மலைக்க வேண்டியதில்லை.

ஆல்பம் புடிச்சுப் போச்சு. பாடினவங்களுக்கே காசு போய்ச் சேர என்ன பண்ணோணும்?

பாண்ட்கேம்ப் தளத்தில் கிடைத்தால் அங்கே வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 சதம் எடுக்கிறது. பணப் பரிமாற்றச் செலவும் போகச் சராசரியாக 82 சதம் கலைஞருக்கோ லேபிளுக்கோ போகிறது. 'பாண்ட்கேம்ப் ஃபிரைடே' என்று அறிவிக்கும் வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கும். கார்டு மறுக்கப்பட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும். வங்கி ஆப்பில் கார்டு அமைப்புக்குப் போய் அதைத் திறந்து, வாங்கியதும் மூடிவிடுங்கள். 40 நிமிட ஆல்பம் எம்பி3-ல் சுமார் 96 எம்பி, ஒலித் தரம் குறையாத ஃபிளாக் வடிவில் சுமார் 250 எம்பி. இடம் இருந்தால் ஃபிளாக்கை எடுத்து கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் மட்டும் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 30 விநாடி தாண்டினால்தான் ஸ்பாட்டிஃபையில் ஒரு கேட்பாகச் சேரும். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1000 கேட்பு தொடாத பாட்டுக்குப் பதிவு உரிமைத் தொகை கிடையாது. சின்னக் குழுவின் ஒன்பது பாட்டு ஆல்பத்தில் எல்லாரும் ஒரே பாட்டையே கேட்டால் மீதி எட்டும் பூஜ்ஜியம்தான். முழுசாகக் கேட்பதற்கு இது இன்னொரு காரணம்.

எங்க பசங்க உடுக்கை, ஜமாப்பு எல்லாம் வெச்சு ஒரு ஆல்பம் போடப் பாக்கறாங்க. எங்கீங்க தப்பாப் போகும்?

இரண்டு இடத்தில். ஒன்று, தாளத்தைக் கம்ப்யூட்டர் கிளிக்கில், அதாவது மாறாத வேகத்தில் ஒலிக்கும் 'டிக் டிக்'கில், கட்டுவது. ஒயில் கும்மியில் ஆட்டம் ஏற ஏற வேகம் தானாக ஏறும். ஒரே வேகத்தில் பூட்டினால் உயிர் போய்விடும். அடிப்பவர்களைச் சேர்த்து உட்காரவைத்து முதலில் பதியுங்கள், கிட்டாரும் கீபோர்டும் பிறகு அதற்கு ஏற்ப வரட்டும். இரண்டு, அளவுக்கு மீறிய கம்ப்ரஷன், அதாவது மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தை நசுக்குவது. உடுக்கையின் அழகு கயிற்றை இறுக்கித் தளர்த்தும்போது சுருதி வளைவதில் இருக்கிறது. நசுக்கினால் வெறும் தட்டலாகிவிடும். மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்து, உச்ச அளவு கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் பதியுங்கள். ஜமாப்பை அறைக்குள் பதிந்தால் சுவர் எதிரொலி எல்லாவற்றையும் குழப்பும். களத்திலோ தோட்டத்திலோ காற்று அடங்கிய நேரத்தில், பத்தடி தள்ளி இரண்டு மைக் போதும்.

வெளியீட்டுக்கு முன் இன்னொன்று. ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே பாட்டைச் சமர்ப்பிக்க வேண்டும்; பாட்டை ஸ்ட்ரீமிங் ஆப்களுக்கு அனுப்பும் விநியோகஸ்தர் தளம் எடுக்கும் நாளையும் சேர்த்து மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கட்டிய வாத்தியார், அடித்தவர்கள் எல்லார் பெயரையும் ஆல்பம் விவரத்தில் போட்டு, பங்கை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோவையின் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் கலையைச் சுமந்து வந்த மற்ற வாத்தியார்கள் பலருடைய பெயர் ஒரு ஒலிநாடா உறையில்கூட வந்ததில்லை. உங்கள் ஆல்பத்தில் வரட்டும்.